சபையா, மிக்சரா, ரேடியோவா: கச்சேரிப் பதிவில் எதை வைத்துக்கொள்வது?

ஒரே கச்சேரிக்கு மூன்று பதிவு கைக்கு வந்து சேர்ந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை அடுத்தவருக்குக் கொடுப்பது என்ற கேள்வி பாலக்காட்டுப் பக்கம் பதிவு சேர்க்கிற எல்லோருக்கும் வருவதுதான். சபையில் உட்கார்ந்து எடுத்தது ஒன்று, எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துக் கலக்கிற மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து வயர் போட்டு எடுத்தது ஒன்று, ரேடியோவில் வந்ததைப் பிடித்தது ஒன்று. பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் மிக்சர் பதிவைத்தான் கேட்கிறார்கள். நான் சபைப் பதிவின் கட்சி.

மிக்சர் பதிவு சுத்தமாக இருக்கும், இருமல் இருக்காது, ஃபேன் சத்தம் இருக்காது, சாகித்யம் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்கும். எல்லாம் சரி. ஆனால் மிக்சர் இருப்பது அரங்கத்துக்காக, பதிவுக்காக இல்லை. சின்ன ஹாலில் மிருதங்கம் மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் போகும், அதனால் மைக் செட்காரர் அதைக் குறைத்தே வைத்திருப்பார், பாட்டைக் கூட்டி வைத்திருப்பார். ஹாலில் கேட்டவர்களுக்குப் பொருத்தமாக இருந்த அதே அளவு வயர் வழியாக வரும்போது பாடகர் காதருகில் கத்துவது போலவும், மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலவும் ஆகிவிடுகிறது. கஞ்சிரா, கடம் இருந்தால் அவை இன்னும் மோசம். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்காகவே ஒரு கச்சேரியைத் தேடுகிறவர்களுக்கு இது எதற்கு உதவும்? போதாததற்கு முதல் பாட்டான வர்ணம் முழுக்க "வயலின் கொஞ்சம் கூட்டுங்கோ, ஃபீட்பேக் குறைங்கோ" என்று சரிசெய்கிற வேலை நடக்கும், அந்த ஏற்ற இறக்கமெல்லாம் பதிவில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

சபைப் பதிவில் கிடைப்பது கச்சேரி நடந்த இடம். ஒரே வரியை விதவிதமாகப் பாடுகிற நெரவலில் ஒரு சங்கதி விழுந்ததும் முன்வரிசையில் எழுகிற 'ஆஹா', மிருதங்கக்காரர் முடித்து வைக்கிற தீர்மானத்துக்கு முன்னால் மொத்த சபையும் தொடையில் தாளம் போடுகிற சத்தம், ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற கார்வையில் நிற்கும்போது தம்புரா ஹாலை நிறைப்பது, இதெல்லாம் மிக்சருக்குள் போவதே இல்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி அய்யருக்கு மைக் பிடிக்காது என்பது ஊரறிந்த விஷயம். மைக்கே வைக்காத கச்சேரிக்கு மிக்சர் ஏது, சபையில் வைத்து எடுத்தது மட்டும்தான் மிச்சம்.

ஆனால் சபைப் பதிவு எடுக்கத் தெரிந்து எடுத்திருக்க வேண்டும், இங்கேதான் இன்றைய ஃபோன் பதிவுகள் தோற்கின்றன. ஃபோன் தானாகவே ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும். மிருதங்கத்தில் சாப்பு என்கிற அழுத்தமான அடி ஒன்று விழுந்தால் மொத்தமும் அமுங்கும், தம்புராவே காணாமல் போகும், அப்புறம் இரண்டு நொடியில் மெல்ல ஊதிக்கொண்டு மேலே வரும். தனி ஆவர்த்தனம் முழுக்க இப்படியே மூச்சு வாங்கும். அளவைக் கையால் நிலையாக வைக்கிற ஒரு சின்ன ரெக்கார்டர் போதும். நடு வரிசையில் மூன்றாவது நான்காவது இருக்கை, ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வேண்டாம், மடியிலும் வேண்டாம்.

பாலக்காட்டுக் கல்பாத்தித் தேரை ஒட்டி நடக்கிற சங்கீத உற்சவம் போன்ற திறந்தவெளிக் கச்சேரி என்றால் என் கட்சி மாறும். அங்கே கடைத்தெருவின் இரைச்சலில் சபைப் பதிவு நிற்காது, மிக்சர்தான். இரண்டும் கிடைத்தால் கலந்துகொள்ளலாம், ஆனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடாது, மூன்று மணி நேரத்தில் கால் நொடி விலகினாலே ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். துண்டு துண்டாக ஒட்டப் பொறுமை வேண்டும்.

ரேடியோ மூன்றாவது இடம். வானொலி நிலையத்தாரின் ஒலிச் சமன் பல நேரம் மைக் செட்டை விட மேல், ஆனால் மீடியம் வேவில் மேல் ஒலிகள் நறுக்கப்பட்டுக் கஞ்சிராவின் சலங்கையே கேட்காது, நேரம் முடிந்தால் ராகம் பாதியில் நிற்கும். இருந்தாலும் தூக்கிப்போடாதீர்கள், அறிவிப்பாளர் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைச் சொல்லியிருப்பார். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கச்சேரிகளுக்கு ரேடியோ நல்ல வழி, அங்கே கைத்தட்டல் கிடையாது என்பதால் பாட்டு முடிந்த பிறகும் தம்புரா தொடர்வது அப்படியே கேட்கும்.

தேதி விஷயத்தில் மட்டும் ரேடியோவை நம்பக் கூடாது. கச்சேரி நடந்த நாள் வேறு, ஒலிபரப்பிய நாள் வேறு. ஒரே கச்சேரி இரண்டு தேதியில் இரண்டு கச்சேரியாகச் சுற்றுவது இதனால்தான். பாடகர் அந்த நேரத்தில் கற்பனையாகப் பாடுகிற கல்பனாஸ்வரத்தின் கடைசிச் சுற்றையும் நடுவில் வரும் இருமலையும் ஒப்பிட்டால் குட்டு உடையும். குறிப்பில் ஊர், தேதி, பக்கவாத்தியம், பாட்டு, ராகம், தாளம் இவற்றோடு எந்த வகைப் பதிவு, எத்தனையாவது நகல், எங்கே டேப் திருப்பினார்கள் என்பதையும் எழுதுங்கள். ராகம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து எழுதினால் அதுவே பத்துப் பேர் கைக்குப் போய் உண்மையாகிவிடும்.

பழைய டேப் என்றால் வேகத்தையும் பாருங்கள். ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் ஒரு கட்டை சுருதி (கட்டை என்பது சுருதியின் அளவு) ஒன்றரை ஆகும், 90 நிமிடக் கச்சேரி 85 நிமிடத்தில் முடியும். மஞ்சப்பராவில் பிறந்த பாடகர் எம்.டி.ராமநாதனின் அந்தக் கீழ் ஸ்தாயி இப்படி ஓடினால் வேறு யாரோ பாடுவது போல் இருக்கும். பாடகர் வழக்கமாக எத்தனை கட்டையில் பாடுவார் என்று தெரிந்தால் திருத்திவிடலாம். ஆனால் இரைச்சல் நீக்குகிறேன் என்று மென்பொருளில் போட்டு அரைக்க வேண்டாம், டேப்பின் 'உஸ்' போகும்போது தம்புராவும் சேர்ந்து போகும்.

ஒலியைக் குறைத்துச் சுருக்குகிற எம்பி3யா, எதையும் இழக்காத ஃப்ளாக்கா என்பதில் பேச ஒன்றுமில்லை. ஃப்ளாக்கை வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனில் கேட்க எம்பி3 செய்துகொள்ளுங்கள். திருத்தாத மூலக் கோப்பு தனியாக இருக்கட்டும்.

காசு வாங்கிக் கொடுப்பது கூடாது, பாடியவர் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுப்பதுதான் முறை. சட்டத்திலும் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தங்கள் கச்சேரியின் மேல் 50 ஆண்டு உரிமை இருக்கிறது.

நம் அக்ரஹாரத்து வீடுகளில் பரணில் ஸ்பூலும் கேசட்டும் இன்னும் கிடக்கின்றன, மழைக்கால ஈரத்தில் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம் பிடித்து. அதைப் போட்டுப் பார்க்கிறேன் என்று ஓடவிடாதீர்கள், டேப் ரெக்கார்டரின் ஹெட்டும் கெடும், அடுத்து போடுகிற டேப்பும் கெடும். முதலில் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பெட்டியின் மேல் பேனாவால் எழுதியிருப்பதையும், உள்ளே மடித்து வைத்த சீட்டையும் ஃபோட்டோ எடுத்துக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.