ஹைட்ரன்ட் லைன்: மண்ணுக்குள்ளேயா, சுவரோரமாகவா?

"சார், பம்ப் ரூம்ல யாரோ சுவிட்சைப் போட்டுப் போட்டு ஆஃப் பண்ற மாதிரி இருக்கு" என்று முதலில் வந்து சொன்னவர் இரவு ஷிப்ட் செக்யூரிட்டி. 2021-இல் நடந்தது. பெரும்பாக்கம் பக்கம் எங்கள் அடுக்குமாடி வளாகம். சங்கத்தின் பராமரிப்புக் கமிட்டியில் நான் அப்போது புதுசு. ஜாக்கி பம்ப் என்ற ஒன்று இருப்பதே எலக்ட்ரீஷியன் தம்பி சொல்லித்தான் தெரியும்.

அவர் சொன்னது இதுதான். தீப்பிடித்தால் ஹோஸ் மாட்டித் தண்ணீர் எடுக்கும் குழாய்தான் ஹைட்ரன்ட். அதற்குத் தண்ணீர் தரும் பைப் லைனில் எந்நேரமும் (சதுர சென்டிமீட்டருக்கு) 7 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். அது 6 கிலோவுக்கு இறங்கினால் ஜாக்கி என்ற சின்ன பம்ப் ஓடி, மறுபடி 7-க்கு ஏற்றிவிட்டு நின்றுவிடும். யாராவது ஹைட்ரன்ட்டைத் திறந்தால் அழுத்தம் சடாரென்று இறங்கும். அப்போதுதான் பெரிய பம்ப் எடுக்கும், கரன்ட் இல்லையென்றால் டீசல் பம்ப். ஆக, ஒரு ஒழுங்கான லைனில் ஜாக்கி ஒரு நாளைக்குச் சில தடவை முனகினால் போதும். எங்களுடையது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியது. எங்கோ மண்ணுக்குள் பைப் ஒழுகுகிறது.

அதைச் சரிசெய்யக் கிளம்பிய எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. பழைய இரும்பு பைப்பையே ஓட்டையான இடத்தில் தோண்டி ஒட்டுவது. இரும்பைக் கைவிட்டு ஹெச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் பைப்பைப் புதைப்பது. மூன்றாவது, மண்ணை விட்டே வெளியே வந்து இரும்பு பைப்பைக் காம்பவுண்டு சுவரோரமாகவும் ஸ்டில்ட் பார்க்கிங் கூரையிலும் ஓட்டுவது. நாங்கள் முதலாவதில் ஒரு வருடத்தைத் தொலைத்துவிட்டு, 2022-இல் மூன்றாவதற்கு வந்தோம். பக்கத்து வளாகத்தில் அதே சமயம் இரண்டாவதைச் செய்தார்கள். அதனால் மூன்றையும் கிட்டத்தில் பார்க்க வாய்த்தது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை: சுவரோரம்.

தோண்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். ஜாக்கி அடிக்கடி ஓடினாலே பைப் ஓட்டை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பம்ப்புக்கு அடுத்துள்ள நான்-ரிட்டர்ன் வால்வு சரியாக மூடாவிட்டால் தண்ணீர் வந்த வழியே சம்ப்புக்கு, அதாவது தரையடித் தொட்டிக்கு, திரும்பிவிடும். அறிகுறி இரண்டுக்கும் ஒன்றுதான். அதைத் தாண்டி இருக்கும் வால்வை மூடிவிட்டு, லைன் பக்கத்தில் அழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் கோளாறு பம்ப் ரூமிலேயே. முள் இறங்கினால் வெளியே.

எங்களுக்கு இறங்கியது. ஜாக்கி ஒரு தடவைக்கு 40 விநாடி ஓடியது. அதன் தகட்டில் நிமிடத்துக்கு 180 லிட்டர் என்று போட்டிருக்கிறது. ஒரு ஓட்டத்துக்கு 120 லிட்டர், மணிக்குப் பன்னிரண்டு ஓட்டம். ஒரு நாளைக்கு 34,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று லாரி! தகட்டுக் கணக்கு கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம், ஆனால் அந்த மாத லாரி பில்லைப் பார்த்தபோது பெரிதாகப் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

தீயணைப்புத் தண்ணீர் ஒழுகினால் குடியிருப்பு பில் ஏன் ஏறுகிறது என்று பொதுக்குழுவில் பலரும் கேட்டார்கள். லாரித் தண்ணீர் முதலில் ஃபயர் சம்ப்பில்தான் விழும். அது நிரம்பி வழிந்தால்தான் வீட்டு உபயோக சம்ப்புக்குப் போகும். தேசியக் கட்டட விதிகளே இப்படித்தான் அமைக்கச் சொல்கின்றன: தீயணைப்புத் தண்ணீர் தேங்கிக் கெட்டுப் போகாது, கையிருப்பும் குறையாது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு கிடந்தபோது, ஃபயர் சம்ப்பில் மோட்டாரை இறக்கி எடுத்துக்கொள்ளலாமே என்று எங்கள் வளாகத்திலும் குரல் வந்தது. நல்லவேளை, பழைய கமிட்டி அசையவில்லை. ஆக, ஹைட்ரன்ட் லைன் ஒழுகினால் நாம் காசு கொடுத்து வாங்கும் தண்ணீர்தான் முதலில் அந்த ஓட்டைக்குப் போகிறது.

சரி, முதல் வழி: தோண்டி ஒட்டுவது. மலிவு, யாரும் எதிர்க்க மாட்டார்கள். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. எங்கள் லைன் வளாகத்தைச் சுற்றி வரும் வளையம். அதில் நடுவில் அடைக்க இரண்டே வால்வு. அரை வளாகத்தை அடைத்தால் எந்த அரை என்பது தெரியும், அவ்வளவுதான். தரையில் கருவி வைத்துக் காது கொடுத்துக் கேட்பவரை வரவழைத்தோம். அவர் காட்டிய இரண்டு இடத்தில் ஒன்று சரி, ஒன்று தப்பு. எங்கள் மண் சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் ஓர் ஆள் முழங்கால் ஆழம் தோண்டினாலே ஊற்று வரும். ஒழுகிய தண்ணீர் மேலே வந்து காட்டிக்கொடுக்காது, பக்கவாட்டில் கலந்து போய்விடும்.

முதல் குழியைத் தோண்டியபோது நானும் நின்றேன். பைப்பைச் சுற்றிக் கறுப்புத் தார் டேப் நன்றாகத்தான் இருந்தது. வெல்டிங் செய்த இணைப்பில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு டேப்பே இல்லை. கட்டும்போது வெல்டிங் முடித்து அழுத்தம் ஏற்றிப் பார்த்த பிறகு அந்த இடத்தில் டேப் சுற்ற வேண்டும். மறந்துவிட்டு மண்ணைத் தள்ளியிருக்கிறார்கள். துரு அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. எங்கள் பிளம்பர் மேஸ்திரி திருகுளியால் லேசாகக் குத்தினார், உள்ளே போய்விட்டது. "சார், ஆறு மீட்டருக்கு ஒரு ஜாயின்ட். மீதி ஜாயின்ட் எல்லாம் இவர் மாதிரிதான் இருப்பார்" என்றார். அந்த வருடம் நான்கு குழி தோண்டினோம். ஒவ்வொரு முறையும் பேவர் பிளாக்கைப் பெயர்த்து, மறுபடி பதித்து, அது அமுங்கி, ஒரு வீட்டுக்காரர் தடுக்கி, புகார்.

இதில் ஆபத்து பணம் இல்லை. மூன்றாவது குழிக்கும் நான்காவது குழிக்கும் நடுவில் ஒரு நாள் பம்ப் ரூமுக்குப் போனால் கேஜ் பூஜ்யத்தில் நிற்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று தரைத்தளத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்; ஜாக்கியோடு மெயின் பம்ப்பையும் யாரோ ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பிவிட்டார்கள். எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை. சிவப்புப் பெட்டியும் ஹோஸும் நாசிலும் அழகாக இருக்க, லைனில் தண்ணீர் இல்லை. புதைந்த கசிவு கடைசியில் இப்படித்தான் முடிகிறது: கண்டுபிடிக்க முடியாததைப் பார்த்துச் சலித்துப்போய் மனிதர்கள் பம்ப்பை அணைத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, ஹெச்.டி.பி.இ. இதற்கு நியாயமாக நல்லது சொல்ல வேண்டும். துரு கிடையாது. எங்கள் மாதிரி உப்பு மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. உள்ளே வழவழப்பு குறையாது. பக்கத்து வளாகத்தில் போட்டு வருடங்கள் ஓடிவிட்டன. ஜாக்கி அமைதியாக இருக்கிறது என்றுதான் அவர்கள் செயலாளர் சொல்கிறார். நான் நேரில் பராமரித்துப் பார்க்காத பைப் என்பதால் அவர் சொல்வதை அப்படியே தருகிறேன்.

எங்களைத் தயங்க வைத்தவை சில. ஒன்று, அளவு. இரும்பு பைப்பை 150 மி.மீ. என்றால் உள் துவாரத்தை ஒட்டிய கணக்கு; ஹெச்.டி.பி.இ.-க்குச் சொல்வது வெளி விட்டம். எங்களுக்கு வந்த கொட்டேஷனில் '160 மி.மீ.' என்று இருந்ததும் பழையதைவிடப் பெரிசு என்று மகிழ்ந்தோம். 16 கிலோ அழுத்தம் தாங்கும் ரகத்தில் அதன் சுவரே 14.6 மி.மீ. தடிமன், உள்ளே மிஞ்சுவது சுமார் 131. இரும்பில் இருந்த துவாரத்தைக் கிட்டத்தட்ட எட்ட வேண்டுமென்றால் 180 போட வேண்டும், விலை அங்கே மாறுகிறது. 10 கிலோ ரகம் மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் 7 கிலோ லைனை ஒன்றரை மடங்கு, அதாவது 10.5 கிலோ ஏற்றித்தான் சோதிப்பார்கள் என்பதால் அதைத் தொட வேண்டாம்.

இரண்டு, பழுது. இதை ஒட்ட மெஷின் வேண்டும், மெஷின் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேபிள் பதிக்க வந்த ஜே.சி.பி. கிழித்துவிட்டால் நம் மேஸ்திரியால் ஒன்றும் செய்ய முடியாது. இரும்பு என்றால் வெல்டரை எங்கேயும் பிடிக்கலாம். மேலும், இது பிளாஸ்டிக் என்பதால் மண்ணுக்குள் எங்கே போகிறது என்று உலோகத்தைத் தேடும் கருவி காட்டாது. கூடவே ஒரு கம்பி போட்டிருந்தால்தான் உண்டு. நீங்கள் இதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள். தரைக்கு மேலே தலைகாட்டும் இடத்தில் எல்லாம் ஃபிளேஞ்ச் (இரண்டு பைப்பைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) வைத்து இரும்புக்கு மாறவும் வேண்டும். தீயில் உருகும் பைப்பைத் தீயணைக்க வைக்க முடியாது. அந்த ஃபிளேஞ்ச் மண்ணுக்குள் இருந்தால் பழைய கதை அங்கேயே மறுபடி ஆரம்பிக்கும்.

இனி சுவரோரம். நாங்கள் போட்டது 150 மி.மீ. இரும்பு, சி கிளாஸ், அதாவது கனமான ரகம். பைப் வந்து இறங்கும்போது வளையக் கோடு பாருங்கள்: சிவப்பு என்றால் கனமானது, நீலம் நடுத்தரம், மஞ்சள் மெலிசு. எங்களுக்கு வந்த முதல் லோடில் பாதி நீலக் கோடு, திருப்பி அனுப்பினோம். பிரைமர், அதன்மேல் இரண்டு கோட் சிவப்பு பெயின்ட். இரண்டு வால்வு இருந்த இடத்தில் ஆறு வைத்தோம், இனி ஒரு துண்டை அடைத்தால் மீதி உயிரோடு இருக்கும். வழித்தடம் மாறுவதால் வேலை ஆரம்பிக்கும் முன்பே வரைபடத்தைத் தீயணைப்புத் துறை அதிகாரியிடம் காட்டிக் கேட்டுக்கொண்டோம். இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

இந்த வழியின் பெருமை ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதற்குள் அடக்கம்: கசிந்தால் தெரிகிறது. போன வருடம் பி பிளாக் பின்புறம் ஒரு ஃபிளேஞ்சில் சொட்டு விழுந்தது. பார்த்தது நானோ எலக்ட்ரீஷியனோ இல்லை. காலையில் பெருக்க வந்த அக்கா, "அந்த சேப்பு பைப்புக்குக் கீழ மட்டும் ஈரமா இருக்கு சார், ராத்திரி மழை கூட இல்ல" என்றார். பத்து மணிக்கு அந்தத் துண்டை மட்டும் அடைத்து, கேஸ்கெட் மாற்றி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கேஜ் மறுபடி 7-இல். தோண்டவில்லை, கேட்டுச் சொல்லும் கருவிக்காரர் வரவில்லை, பேவர் பிளாக் அசையவில்லை. வருடம் முழுக்க வரும் செலவையும் தகராறையும் இந்த ஒன்றுதான் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம். வாராவாரம் சனிக்கிழமை டீசல் பம்ப்பை ஓட்டிப் பார்ப்பது, பேட்டரி, ஹோஸை உலர்த்துவது எல்லாம் எந்த பைப்புக்கும் பொது.

குறைகள் இல்லாமல் இல்லை. அழகு போச்சு. "கம்பெனி மாதிரி ஆக்கிட்டீங்க" என்று இன்னும் சொல்கிறார்கள். பெயின்ட் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடித்தே ஆக வேண்டும். அதை ஒரு கமிட்டி தள்ளிப்போட்டால் துரு வெளியிலிருந்து தின்னும். காரை ரிவர்ஸ் எடுப்பவர்களுக்காக முக்குகளில் இரும்புக் குட்டைத் தூண் நட்டோம். வெயில் இன்னொன்று. நூறு மீட்டர் இரும்பு பைப் 30 டிகிரி சூடேறினால் சுமார் 36 மி.மீ. நீளும். பைப்பைப் பிடித்திருக்கும் யூ-போல்ட்டை இறுக்கி முடுக்கியிருந்தால் சுவரில் இருக்கும் பிராக்கெட்டையே பிடுங்கும். எங்களுக்கு இரண்டு பிடுங்கியது. அப்புறம் தளர்த்திவிட்டோம்.

முதல் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு, எந்த பம்ப்பும் ஓடாமலே கேஜ் முள் 9-ஐத் தொட்டு நின்றது. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. அடைபட்ட தண்ணீர் வெயிலில் சூடாகி விரிகிறது, போக இடமில்லை. சம்ப்புக்குத் திருப்பிவிடும் சின்ன ரிலீஃப் வால்வு ஒன்று வைத்த பிறகு அது அடங்கியது. மண்ணுக்குள் இருக்கும் பைப்புக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பத்துப் பதினைந்து வருடம் போனால் இந்த வெளிலைன் எப்படி இருக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல எனக்கு வயதும் காலமும் போதாது. வளாகம் கடலுக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தால் நான் இவ்வளவு தைரியமாகப் பேசியிருக்க மாட்டேன். சுவரோரம் இடமே இல்லாத, தனி வீடுகள் நிறைந்த பெரிய வளாகம் என்றாலும் ஹெச்.டி.பி.இ. பக்கம்தான் போவேன்.

எங்களுக்கும் ஓர் இடத்தில் மண்ணை விட முடியவில்லை: மெயின் கேட். தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டிய வழியில் தலைக்கு மேல் பைப் போட முடியாது. அங்கே மட்டும் கான்கிரீட் வாய்க்கால் கட்டி, பைப்பை உள்ளே சப்போர்ட்டில் நிறுத்தி, மேலே தூக்கி எடுக்கும் ஸ்லாப் போட்டோம். மாதம் ஒருமுறை இரண்டு ஸ்லாபைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணி லாரி ஏறினால் அந்த ஸ்லாப் தடதடவென்று ஆடி ஏ பிளாக் முதல் மாடியை எழுப்பிவிடுகிறது. ரப்பர் ஷீட் வைத்துப் பார்த்தோம், மூன்று மாதத்தில் நசுங்கிப்போனது. இப்போது லாரி டயர் துண்டை வெட்டி வைத்திருக்கிறார் மேஸ்திரி.