லேகியமா, குளிசையா, குளக்கட்டு நடையா?

நாற்பது தாண்டிய ஆண்கள் வன்னியில் வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் வருத்தம் இது. ஆண்குறி விறைப்பு குறைந்தால் சந்தையில் லேகியம் வாங்குவார்கள், இல்லையென்றால் கூட்டாளியிடம் குளிசை கேட்பார்கள். கிளினிக்கில் மட்டும் வாய் திறப்பதில்லை.

விறைப்பு முக்கியமாக இரத்த ஓட்டத்தின் வேலை. ஆசை வந்ததும் நரம்பும் இரத்தக்குழாய்ச் சுவரும் நைட்ரிக் ஒட்சைட் என்ற வாயுவை விடும், ஆண்குறிக்கு இரத்தம் கொண்டுவரும் நாடி விரியும், இரத்தம் நிரம்பும். அந்த நாடியின் அகலம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்தின் முடியுரு நாடி 3 முதல் 4 வரை. சீனியும் பிரஷரும் புகையும் எல்லாக் குழாயையும் கெடுக்கும், ஒடுங்கியது முதலில் அடைபடும். அதனால் மாரடைப்புக்குச் சில வருடம் முன்னரே இங்கே அறிகுறி தெரியலாம். காலையில் விறைப்பு வழமைபோல் வருகிறதா? அப்படியானால் குழாயைவிட மனக்கவலையும் நித்திரைக் குறைவும்தான் பெரும்பாலும் காரணம்.

லேகியத்துக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். உடனே வேலை செய்தால்தான் இன்னும் பயம்: இப்படி விற்கும் பல சரக்கில் சில்டெனாபில் என்ற இங்கிலீஷ் விறைப்பு மருந்து களவாகக் கலந்திருப்பதைப் பல நாட்டுச் சோதனைகள் பிடித்திருக்கின்றன.

அதே சில்டெனாபிலை டொக்டர் எழுதித் தந்தால் அது நேர்மையான மருந்து. 1998இல் வந்தது, பெரும்பாலானோருக்குக் கேட்கும். ஆசை இல்லாமல் வேலை செய்யாது. கொத்துரொட்டியை வயிறு முட்டச் சாப்பிட்டால் பிந்தும். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் குளிசை வைப்பவர் இதைத் தொடவே கூடாது. பிரஷர் விழுந்து உயிரே போகலாம். அடைபட்ட குழாயையும் அது திருத்தாது.

திருத்தப் பார்ப்பது நடை. கிழமைக்கு 4 நாள், 40 நிமிடம், மூச்சு வாங்கும் வேகத்தில், 6 மாதம் நடந்தால் பலருக்கு விறைப்பு கூடுகிறது. "நான் வயல்காரன்தானே" என்பார்கள். சரி, உழுவது டிராக்டர், வெட்டுவது மெசின், வீட்டுக்கு வருவது மோட்டார்சைக்கிள். குளக்கட்டில் பின்னேரம் வெயில் தணிய நடக்கக் காசு வேண்டாம். ஆனால் சிகரெட்டை வைத்துக்கொண்டு நடந்தால் பாதி வீண். சாராயத்தையும் குறைக்க வேண்டும். நெடுநாள் சீனி வருத்தத்தில் நரம்பு கெட்டவருக்கு நடை மட்டும் போதாது, குளிசையும் வேண்டிவரும்.

என் வரிசை: முதலில் கிளினிக், கூடவே நடை, தேவைப்பட்டால் குளிசை. டொக்டரிடம் குடிக்கும் மருந்தெல்லாம் காட்டுங்கள். சில பிரஷர் குளிசைகளே விறைப்பைக் குறைக்கும், அவர் மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.