பாக்கெட்டா, சில்லறையா, நாமே ஆட்டுவதா: குமரியில் தேங்காய் எண்ணெய் வாங்கும் கணக்கு

குமரி மாவட்டத்தில் தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும் அல்ல, தாளிப்பதும் பொரிப்பதும் அதில்தான். மாதம் நான்கு லிட்டர் செலவாகும் வீட்டில் லிட்டருக்கு 40 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 ரூபாய் போகும். வாங்க மூன்று வழி இருக்கிறது: பிராண்டு பாக்கெட், கடையில் அளந்து தரும் சில்லறை எண்ணெய், கொப்பரை கொடுத்து மில்லில் ஆட்டி எடுப்பது. எந்த வழியில் போனாலும் அன்றைய கொப்பரை விலை தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள்.

நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ கொப்பரையில் சுமார் 600 கிராம் எண்ணெய் கிடைக்கும். தரமான கொப்பரையும் நல்ல எக்ஸ்பெல்லரும் (எண்ணெய் பிழியும் எந்திரம்) சேர்ந்தால் இன்னும் சற்றுக் கூடும். கணக்குக்காகக் கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று வையுங்கள். 200-ஐ 0.6-ஆல் வகுத்தால் ஒரு கிலோ எண்ணெய்க்குக் கொப்பரைச் செலவு மட்டும் 333 ரூபாய். ஆட்டுக்கூலி சேரும், புண்ணாக்கு விற்ற காசு கழியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அப்படியானால் அதே நாளில் ‘சுத்தமான தேங்காய் எண்ணெய், கிலோ 260’ என்று பலகை வைத்தவர் எதை விற்கிறார்? நஷ்டத்துக்கு யாரும் கடை திறந்து உட்காருவதில்லை.

இதோடு இன்னொரு கணக்கும் வேண்டும். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 915 கிராம்தான். ஒரு கடை லிட்டர் விலை சொல்லும், பக்கத்துக் கடை கிலோ விலை சொல்லும். கிலோ 333 என்றால் லிட்டர் 305 ரூபாய். கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் குவளையில் அளந்து ஊற்றினால் 85 கிராம் கடைக்காரர் கணக்கில் போய்விடும்.

பாக்கெட்டில் கலப்படப் பயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2018-ல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை தடை செய்த தேங்காய் எண்ணெய்கள் பிராண்டு பெயரோடு பாக்கெட்டில் வந்தவைதான். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் கேரள எல்லை தாண்டிச் சரக்கு வருவது அன்றாட விஷயம். பிரபலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி, அதே நிறத்தில் வரும் கவர்களை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். முன்பக்கத் தேங்காய்ப் படம் எதற்கும் சாட்சி அல்ல, பின்பக்கம்தான் சாட்சி. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் சைவக் குறியான பச்சைப் புள்ளியும் இருந்தால் சமையலுக்கானது. அவை இல்லாத பாட்டில் கூந்தலுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘கலப்பு எண்ணெய்’ என்ற சொல் சின்ன எழுத்தில் ஒளிந்திருக்கலாம். கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்பதும் இப்போது அச்சாகிறது. இரண்டு பாக்கெட்டை ஒப்பிட எம்.ஆர்.பி.யை விட அந்த எண்தான் உதவும். ‘450 மி.லி.’ பாட்டிலை அரை லிட்டர் என்று நினைத்து எடுப்பவர்கள் நிறைய.

சில்லறைதான் அதிகம் ஏமாற்றும் இடம். அதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொப்பரை மூட்டை கண்ணில் தெரிய, எந்திரம் ஓட, புண்ணாக்கு குவிந்து கிடக்கிற மில்லிலேயே வாங்குவது ஒன்று. மளிகைக் கடை டின்னிலிருந்து ஊற்றி வாங்குவது மற்றொன்று. இரண்டாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சமையல் எண்ணெயை அடைத்து லேபிள் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்பது பொது விதி. டின்னில் வருவதற்கு யார் பொறுப்பு என்று நீங்கள் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. வாசலில் மரச்செக்கு சுற்றுவதும் நம்பிக்கைக்குப் போதாது. செக்கு ஒரு நாளில் ஆட்டக்கூடியதும் அந்தக் கடை ஒரு நாளில் விற்பதும் பொருந்துகிறதா என்று யோசித்தால், வெளி எண்ணெய் டிரம்மில் வந்து இறங்குகிறதா என்பது புரியும்.

வீட்டில் செய்யும் ஃபிரிட்ஜ் சோதனைக்கு ஓரளவு மதிப்பு உண்டு. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையும். கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்தால் முழுவதும் ஒரே வெள்ளையாக உறைய வேண்டும். மேலே திரவப் படலம் நின்றால் பாமாயிலோ, சூரியகாந்தியோ, பாரஃபின் என்ற கனிம எண்ணெயோ இருக்கலாம். ஆனால் பாம் கர்னல் எண்ணெய், அதாவது பாமாயில் தரும் எண்ணெய்ப்பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய், கலந்திருந்தால் இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதுவும் கிட்டத்தட்ட அதே வெப்பநிலையில் உறையும். அதை ஆய்வகம்தான் பிடிக்கும். உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணயச் சட்டத்தின் 40-ம் பிரிவு இதற்கு வழி வைத்திருக்கிறது: ‘இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லி, கட்டணம் செலுத்தி நாமே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சரக்கு சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

மாதம் மூன்று லிட்டருக்கு மேல் செலவாகும் வீட்டுக்கு ஆட்டி எடுப்பதே மேல் என்பது என் கருத்து. நாலு தென்னை நிற்கிற வீட்டுக்குச் சொல்லவே வேண்டாம். காயைப் பொறுத்து ஒரு கிலோ கொப்பரைக்கு ஆறு முதல் எட்டுத் தேங்காய் வேண்டியிருக்கும். பருப்பு கனத்த ஈத்தாமொழி நெட்டை ரகத் தேங்காய் என்றால் குறைவாகவே போதும். சிரட்டை அடுப்புக்கு ஆகும்.

கெட்டுப்போவது கொப்பரையைக் காய வைப்பதில்தான். இங்கே ஜூனிலும் மழை, அக்டோபர், நவம்பரிலும் மழை. பாதி காய்ந்த கொப்பரையை ஆட்டினால் எண்ணெயில் ஈரம் நிற்கும், சில வாரங்களிலேயே காறல் வாடை வரும். கொப்பரையை ஒடித்துப் பாருங்கள்: ‘டக்’ என்று முறிந்தால் சரி, வளைந்தால் இன்னும் வெயில் வேண்டும். பச்சை, மஞ்சள், கறுப்புப் பூசணம் பிடித்ததை அறுத்துச் சீர்செய்யப் பார்க்காமல் முழுதாக ஒதுக்குங்கள்; பூஞ்சை நச்சு எண்ணெயிலும் இறங்கும். கடையில் வாங்கும்போது அசாதாரண வெள்ளையாக மின்னும் கொப்பரையை முகர்ந்து பாருங்கள், கந்தகப் புகை போட்டிருக்கலாம்.

மில்லுக்குப் போகும் முன் மூன்றைப் பேசி முடியுங்கள்: கூலி கிலோவுக்கு எவ்வளவு, புண்ணாக்கு யாருக்கு, எத்தனை கிலோவுக்குக் குறைந்தால் தனியாக ஆட்ட மாட்டார்கள். ‘கூலி வேண்டாம், புண்ணாக்கு எங்களுக்கு’ என்பது சில நேரம் லாபம், சில நேரம் நஷ்டம். கிலோ கொப்பரைக்கு 350 கிராம் அளவுக்குப் புண்ணாக்கு வரும், அன்றைய விலையைப் பெருக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கொப்பரையை வெளியே எடை போட்டுக்கொண்டு போங்கள், வெறும் கேனையும் எடை போடுங்கள். எள்ளோ கடலையோ ஆட்டிய உடனே உங்களுடையதைப் போட விடாதீர்கள், தேங்காய் ஓடிய பிறகு போடச் சொல்லுங்கள். பத்துக் கிலோவுக்கு ஐந்தரைக் கிலோவுக்கும் குறைவாக வந்தால், கொப்பரையில் ஈரமா, புண்ணாக்கில் எண்ணெய் தங்கிவிட்டதா என்று அங்கேயே கேளுங்கள். புண்ணாக்கைக் கையில் அழுத்தினால் எண்ணெய் கசிந்தால் இன்னொரு முறை ஓட்டச் சொல்லலாம். வீட்டில் இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்து, கசடு படிந்ததும் மேல் எண்ணெயை மட்டும் ஈரமில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

ஒருவரோ இருவரோ இருக்கும் வீட்டில் இத்தனை பாடு வேண்டாம். அரை லிட்டர் பாக்கெட் போதும், பில்லும் கிடைக்கும். பில் கையில் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், அதில் தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மில்லில் வாங்கினாலும் எடை, விலை, தேதி எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கும் மில்லில் கேனைத் திறக்க வேண்டாம்.