வெள்ளத்தில் நின்ற காரை நல்ல கார் என்று விற்றுவிட்டார்கள்: 4,60,000 ரூபாய் போச்சு

நாலு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு வந்த கார் இப்போது மடிப்பாக்கத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டில், சீட்டும் தரைவிரிப்பும் கழற்றப்பட்டு நிற்கிறது. நேற்று சாயங்காலம் மறுபடி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. கை இன்னும் நடுங்குகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வழக்குப் போடப் போவதால் பெயரைச் சொல்ல வேண்டாம் என்கிறாள் என் மகள். பழைய கார்களை ஆப்பில் காட்டி விற்கிற கம்பெனி. ஒரு பெரிய வளாகத்தின் அடித்தளத்தில் வண்டிகளைத் துடைத்து வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஏசி அறை, காபி, கையில் டேப்லெட்டோடு பையன்கள். வகை தெரிந்தால் போதும்.

கார் விஷயம் தெரியாதவள் இல்லை நான். 1997இல் முதல் வண்டி, மாருதி 800, அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு சாரிடம் வாங்கியது. பெட்ரோல் போட்டது, ஆயில் மாற்றியது எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருந்தார். சாவியோடு அந்த டைரியையும் கொடுத்துவிட்டு, "ரேடியேட்டர்ல லேசா ஒழுகல் இருக்கும்மா. பூந்தமல்லி தாண்டிப் போறதா இருந்தா தண்ணி பார்த்துட்டுப் போ" என்றார். நான் கேட்கவே இல்லை, அவராகச் சொன்னார். அதற்காக விலையில் இரண்டாயிரம் குறைத்தும் கொண்டார். அந்த வண்டியில்தான் ஓட்டப் பழகினேன். காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணுகிற அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் 2001இல் புது சாண்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. நம்ம ஊர்க் கார் என்று அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. ஜி.பி. ரோட்டில் ஸ்டீரியோ போட்டோம். பதினான்கு வருஷம் அதுதான் எங்கள் வீட்டு வண்டி. மகள் பள்ளிக்கூடம் போனது, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது எல்லாம் அதில்தான்.

2015 டிசம்பரில் அடையாறு ஏறி வந்தபோது நாங்கள் ஜாபர்கான்பேட்டையில் இருந்தோம். சாண்ட்ரோவின் கூரை வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு கதவைத் திறந்தால் வந்த நாற்றத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பழுது பார்க்கும் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் முழு இழப்பு என்று எழுதிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் எழுதினார்கள். வண்டியை யாரோ ஏலத்தில் எடுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு 2012 மாடல் ஃபோர்டு ஃபிகோ, மறைமலை நகரில் செய்தது. கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கினோம். அதுவும் பேச்சுக்குப் பேச்சு சரியாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்கும் கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் போச்சு. சரி, ஆட்டோமேட்டிக் எடுத்துவிடலாம் என்று போன தை மாதம் முடிவு பண்ணினோம். ஃபிகோவை விற்கும்போது பின் கதவு லாக் சிக்கும் என்று வாங்கினவரிடம் சொல்லித்தான் விற்றேன்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அந்தக் கம்பெனியின் கார் யார்டில் கேட்ட முதல் கேள்வியே, "இது மிக்ஜாம்ல நின்ன வண்டியா?" என்பதுதான். 2023 டிசம்பரில் அந்த மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போன வீடியோவை எல்லோரும் பார்த்தோமே. எனக்குக் காட்டியது 2019 மாடல். புயல் சமயத்தில் ஊரில் எங்கே நின்றதோ என்று கேட்காமல் இருப்பேனா?

அந்தப் பையனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். "அக்கா, வெள்ள வண்டி எங்க யார்டுக்குள்ளயே வராது. எங்க அம்மாவுக்கு எடுக்கிற மாதிரி நினைச்சுத்தான் உங்களுக்கு இதைக் காட்டுறேன்" என்றான். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். பரிசோதனை அறிக்கை, பக்கம் பக்கமாக. அதில் "வெள்ள பாதிப்பு: இல்லை" என்று பச்சை டிக். அதை என் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பினான். அம்மா படியில் இறங்கக் கை கொடுத்தான். நாற்காலி கொண்டுவந்து போட்டான், தண்ணீர் பாட்டில் கொடுத்தான். பெங்களூரில் இருக்கிற மகளுக்கு வீடியோ கால் போட்டு இன்ஜினைக் காட்டினான். அம்மா அவன் தலையில் கை வைத்து, "நல்லா இருப்பா" என்று ஆசீர்வாதம் பண்ணினாள். இதை எழுதும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

புது சீட் கவர், புது மேட், கமகமவென்று பெர்ஃப்யூம். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் போனது. நாலு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறார்கள், டோக்கன், அதாவது முன்பணம், போட்டால்தான் நிறுத்திவைக்க முடியும் என்றான். டோக்கன் போட்டோம். மறுநாள் மீதியையும் கட்டினோம். மொத்தம் 4,60,000.

இரண்டு மாதம் ஓடியது. முதலில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. அப்புறம் இடது பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறவில்லை. அப்புறம் ஒரு நாள் வேளச்சேரி மெயின் ரோட்டில், பின்னால் மாநகரப் பேருந்து வருகிறது, வண்டி தானாக நியூட்ரலுக்குப் போய் நின்றுவிட்டது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த டிரைவர் பிரேக் பிடித்ததால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

மெக்கானிக் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்தார். கடைசி ஒரு முழத்தில் பழுப்பாகச் சேற்றுக் கோடு. சீட் தண்டவாளம் முழுக்கத் துரு. தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் இருக்கும் பஞ்சு இன்னும் ஈரம், விரலில் வண்டல் ஒட்டுகிறது. ஒயரிங் கனெக்டர்களில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிக் களிம்பு. "தண்ணில நின்ன வண்டி அக்கா இது. சீட்டுக்கு மேல ஏறியிருக்கு" என்றார். அப்போது அந்த நாற்றம் வந்தது. அதே நாற்றம்.

அந்தக் கார் பிராண்டின் சர்வீஸ் சென்டரில் வண்டியின் சேஸிஸ் நம்பரை (வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்) கொடுத்தேன். 2023 டிசம்பரில் இழுவை வண்டியில் வந்திருக்கிறது, வெள்ள சேதத்துக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள், வேலை செய்யாமலே வெளியே போயிருக்கிறது. எனக்குப் பத்து நிமிஷத்தில் கிடைத்த தகவல் அவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கிடைக்காதா? யாரை நம்பச் சொல்கிறார்கள்?

யார்டுக்குப் போனேன். பையன் வேலையை விட்டுவிட்டானாம். அவன் வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான் விழுகிறது. மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார், ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு வந்து, "வாரண்டியில தண்ணி சேதம் கவர் ஆகாது மேடம். நீங்களே எங்கயாவது தண்ணியில ஓட்டியிருப்பீங்க" என்றார். தை மாதத்துக்குப் பிறகு சென்னையில் தெருவில் தண்ணீர் நிற்கிற மழை எங்கே பெய்தது? சேற்றுக் கோட்டின் போட்டோவைக் காட்டினேன். பார்க்கவே இல்லை. ஆப்பில் புகார் போட்டால் 48 மணி நேரத்தில் கூப்பிடுவதாக வரும். யாரும் கூப்பிடுவதில்லை, அதுவாகவே முடிந்துவிட்டது என்று காட்டும். கடைசியாக ஒரு பெண் கூப்பிட்டு, நல்லெண்ண அடிப்படையில் 15,000 ரூபாய்க்கு சர்வீஸ் கூப்பன் தருகிறோம் என்றாள். 4,60,000 ரூபாய்க்குப் பதிலாக, அவர்களிடமே செலவு பண்ண ஒரு கூப்பன்!

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவாவது செய்யுங்கள். டோக்கன் போடுவதற்கு முன்னால் ஆர்சி காப்பி வாங்கி, சேஸிஸ் நம்பரோடு அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய வரலாற்றைக் கேளுங்கள். எல்லா சீட் பெல்ட்டையும் முழுசாக இழுத்துப் பாருங்கள். ஸ்டெப்னி குழியில் துருவோ வண்டலோ இருக்கிறதா பாருங்கள். பழைய பாலிசியைக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாத வருஷங்களுக்கு பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) சைபர் ஆகியிருந்தால் எதற்கு கிளெய்ம் போட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். சொந்த மெக்கானிக்கை யார்டுக்குள் விட மாட்டேன் என்றால் அங்கேயே திரும்பிவிடுங்கள். பெர்ஃப்யூம் தூக்கலாக இருந்தால் கண்டிப்பாகத் திரும்பிவிடுங்கள்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்தப் பச்சை டிக் அறிக்கை, சேற்றுக் கோட்டுப் போட்டோ, சர்வீஸ் சென்டர் தாள் மூன்றையும் பிரிண்ட் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை கொடுக்கப் போகிறேன். இதே மாதிரி யார்டில் வாங்கி ஏமாந்தவர்கள் சென்னையில் இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.