கரகரக்கும் ஃபேடர்: ஸ்ப்ரே அடிக்கவா, கழற்றிக் கழுவவா, மாற்றிவிடவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கல்யாண விருந்து. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும் பாட்டுக்காக மிக்சரில் இரண்டாவது சேனலின் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளும் குமிழை, மெல்ல ஏற்றினேன். பாதி தூரத்தில் ஸ்பீக்கர் 'கர்ர்ர்' என்றது. மணப்பெண்ணின் பாட்டி காதைப் பொத்திக்கொண்டதை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு மூன்று வழியும் செய்து பார்த்துவிட்டேன்.

ஃபேடருக்குள் ஒரு கார்பன் தடம் இருக்கிறது. அதன்மேல் முடி போல மெல்லிய உலோக விரல்கள் உரசிப் போகின்றன. தோட்டத்துச் செம்மண் தூசியும் புகை மெஷின் விடும் பிசுக்கும் நம் ஊர் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்த விரல்கள் தடத்தைவிட்டு எழும்பி எழும்பி விழும். அதுதான் கரகரப்பு. டிஜிட்டல் மிக்சர் என்றால் கரகரக்காது. சத்தம் திடீரென்று ஏறி இறங்கும். நோய் ஒன்றுதான்.

ஸ்ப்ரே அடிப்பது வேகமான வழி. பவரைக் கழற்றிவிட்டு, மேலே உள்ள பிளவு வழியாக அடித்து, ஃபேடரை முப்பது நாற்பது தடவை இழுத்துத் தள்ளினால் சரியாகிவிடும், சில வாரத்துக்கு. மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் சாதாரண கான்டாக்ட் கிளீனர் அழுக்கோடு சேர்த்து உள்ளே இருக்கும் கிரீஸையும் கழுவிவிடுகிறது. அப்புறம் ஃபேடர் வறண்டு, விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரியும். வீட்டில் இருக்கிறதே என்று சாதாரண டபிள்யூடி-40-ஐ அடிக்காதீர்கள். ஈரத்தை விரட்டுவதற்காக 1953-இல் உருவான எண்ணெய் அது. பிசுக்கு தங்கி, தூசியை இழுக்கும். ஸ்ப்ரேதான் என்றால் ஃபேடருக்கென்றே வருவதை வாங்குங்கள். டீஆக்ஸிட் என்ற பிராண்டில் டி5 உலோகத் தொடர்புகளுக்கு, எஃப்5 ஃபேடருக்கு. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கடையில் எளிதாக மாறிப்போகும்.

கழற்றிக் கழுவுவதற்கு ஒரு மாலை நேரம் போகும். ஆனால் எனக்கு நம்பிக்கையான வழி இதுதான். ஃபேடரின் மூடியைப் பிடித்திருக்கும் தகரக் காதுகளை மெதுவாக நிமிர்த்தி மூடியைத் தூக்கினால், பழைய கிரீஸ் பழுப்புக் களிம்பாகத் தடத்தின் இரு முனையிலும் குவிந்திருக்கும். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் நனைத்து, தடத்தின் நீளவாக்கில் துடைக்கவும். பார்மசியில் பெரும்பாலும் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி தண்ணீர், அது வேண்டாம். காது குடையும் பஞ்சுக் குச்சியும் வேண்டாம், ஒரு நூல் உலோக விரலில் மாட்டினாலே மறுபடி கரகரக்கும். நன்றாகக் காய்ந்தபின் ஃபேடர் கிரீஸை ஊசிமுனை அளவு தடவினால் போதும். காதுகளை மட்டும் அடிக்கடி மடக்கி நிமிர்த்தினால் முறிந்துவிடும்.

கார்பனே தேய்ந்து வெள்ளைக்கோடு தெரிந்தால் எந்தத் திரவமும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். பழையதன் அடியில் பி10கே என்பதுபோல் எழுதியிருக்கும். பி என்றால் மின்தடை சீராக மாறும் வகை, ஏ என்றால் காதுக்குச் சத்தம் சீராக ஏறுவதுபோல் மாறும் வகை, 10கே என்பது மின்தடையின் அளவு. இதோடு நீளம், சாலிடர் செய்யும் கால்களின் இடம் எல்லாம் ஒத்துவரவேண்டும். ஸ்கிராட்ச் பண்ணுகிற டிஜேக்களின் கிராஸ்ஃபேடர்தான், அதாவது ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குறுக்கு ஃபேடர்தான், சீக்கிரம் தேயும். அதற்கு மட்டும் நான் கழுவுவதில் நேரம் செலவழிக்கமாட்டேன். பொருந்துமென்றால் விரல் தடத்தில் உரசாத இன்னோஃபேடர் என்ற பிராண்டுக்குப் போய்விடலாம். விலை அதிகம்தான், ஆனால் தேய்வதற்குத் தடம் கிடையாது.

புதுசு போட்டும் கரகரப்பு போகவில்லையென்றால் குற்றம் ஃபேடரில் இல்லை. சர்க்யூட்டில் ஃபேடருக்கு முன்னால் உள்ள, டிசி மின்சாரத்தைத் தடுக்கும் கெப்பாசிட்டர் கசிந்து, அந்த டிசி ஃபேடருக்குள் வருகிறதா என்று ரிப்பேர்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

தீபாவளி சீசனில் வாரம் மூன்று நிகழ்ச்சி என்றால் முந்தின இரவில் ஃபேடர் ஸ்ப்ரே, சீசன் முடிந்ததும் கழற்றல் என்று வைத்திருக்கிறேன். கழற்றிய பழைய ஃபேடரைத் தூக்கிப் போடாதீர்கள். தகரக் காதை நிமிர்த்திப் பழக அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.