படத்தை யாருக்கும் கொடுக்காமலே படத்தைத் தடுக்க: ஸ்டாப் என்சிஐஐ சேவை பற்றி

அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால், படம் இன்னும் வெளியே வரவில்லை என்றால், முதலில் போக வேண்டிய இடம் ஸ்டாப் என்சிஐஐ டாட் ஆர்க் (StopNCII.org) என்கிற இணையதளம். என்சிஐஐ என்றால் சம்மதம் இல்லாமல் பகிரப்படும் அந்தரங்கப் படம்; அது இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் சேவை இது. ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்றாலும் போகலாம், ஆனால் அப்போது இது மட்டும் போதாது. எங்கே கைகொடுக்கிறது, எங்கே விட்டுவிடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

இது எனக்குத் தெரியவந்தது என் சித்தி மகள் மூலமாக. பிரிந்து போன ஒருவன், "பேசலைன்னா எல்லாருக்கும் அனுப்பிடுவேன்" என்று மெசேஜ் போட்டிருந்தான். சேர்ந்திருந்த நாட்களில் அவளே அவனுக்கு அனுப்பிய படங்கள்தான். நம்பி அனுப்பியது அவள் குற்றம் இல்லை, அதை ஆயுதமாக எடுத்தது அவன் குற்றம். இதை அவளிடம் முதலில் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஏனென்றால் இந்த மாதிரி நேரத்தில் பாதிப் பேர் புகாரே கொடுக்காமல் முடங்கிப் போவது "நீ ஏன் அனுப்பினாய்" என்ற ஒரே கேள்விக்குப் பயந்துதான்.

அந்த இணையதளத்தைக் காட்டியதும் அவள் கேட்டது: "அக்கா, அப்போ இவங்ககிட்டயும் படத்தைக் கொடுக்கணுமா?"

நான் வங்கியில் வேலை பார்ப்பவள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று நாள் முழுக்க வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். அதனால் அவள் சந்தேகம் எனக்கு ரொம்ப நியாயமாகப் பட்டது. இந்தச் சேவையை நான் மதிக்கும் முதல் காரணமும் அந்தக் கேள்விக்கு அது வைத்திருக்கும் பதில்தான். கொடுக்க வேண்டாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதே இல்லை.

இது சும்மா வந்துவிடவில்லை. 2017-ல் ஃபேஸ்புக் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை முயற்சி நடத்தியது. கசிந்துவிடுமோ என்று பயப்படும் படத்தை மெசஞ்சரில் நீங்களே உங்களுக்கு அனுப்பிக்கொள்ள வேண்டும், பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தடுப்புப் பட்டியலில் சேர்ப்பார் என்பது ஏற்பாடு. யாரும் பார்க்கக் கூடாது என்று தவிக்கிறவளிடம் போய், முன்பின் தெரியாத ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றால் எப்படி இருக்கும்? பலத்த எதிர்ப்பு வந்தது. 2021 டிசம்பரில் தொடங்கிய ஸ்டாப் என்சிஐஐ அந்த இடத்தைத்தான் சரி செய்தது. இதை நடத்துவது எஸ்டபிள்யூஜிஎஃப்எல் என்கிற பிரிட்டன் தொண்டு நிறுவனம். 2015 முதல் அங்கே இதே பிரச்சினைக்காக ஒரு ஹெல்ப்லைன் நடத்தி வருகிறவர்கள். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் ஆதரவோடு உருவானது என்றாலும், கேஸ்களைக் கையில் வைத்திருப்பது இந்தத் தொண்டு நிறுவனம்.

வேலை செய்யும் விதம் இது. படத்தைத் தேர்ந்தெடுத்ததும், உங்கள் போனிலேயே, அந்தப் பிரவுசருக்குள்ளேயே ஒரு கணக்கு ஓடி, படத்துக்கு ஒரு நீளமான குறியீடு கிடைக்கிறது. ஹேஷ் என்பார்கள். கைரேகை மாதிரி: ரேகையை வைத்து ஆளை அடையாளம் காணலாம், ரேகையிலிருந்து முகத்தை வரைய முடியாது. அந்தக் குறியீடு மட்டும்தான் அவர்களிடம் போகிறது, அவர்களிடமிருந்து கூட்டு நிறுவனங்களுக்கு, அதாவது இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் சமூக ஊடகங்கள் போன்ற இணையத் தளங்களுக்கு, போகிறது. யாராவது அதே படத்தை அங்கே ஏற்றினால் குறியீடு பொருந்தும், நிறுவனம் தன் விதிப்படி பார்த்து எடுக்கும் அல்லது ஏறவிடாமல் தடுக்கும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பொருந்திய பிறகு, அது விதிமீறலா என்று உறுதி செய்ய அந்த நிறுவனத்தின் ஊழியர் பார்க்க நேரலாம். ஆனால் அவர் பார்ப்பது மிரட்டுகிறவன் ஏற்றிய படத்தை, நீங்கள் கொடுத்ததை அல்ல. படம் ஏறவே இல்லை என்றால் யாரும் பார்க்கப் போவதும் இல்லை.

பதிவு செய்யும்போது முதலில் சில கேள்விகள் வரும். படத்தில் இருப்பது நீங்களா? எடுத்தபோது 18 வயது ஆகியிருந்ததா? நிர்வாணமா, அரை நிர்வாணமா, உடலுறவுக் காட்சியா? படம் இப்போது உங்களிடம் இருக்கிறதா? கேள்விகள் நேரடியாக இருந்தாலும் குத்திக் காட்டுவதாக இல்லை. யார் செய்தது, ஏன் அனுப்பினீர்கள் என்றெல்லாம் துருவவில்லை. படங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டம் வந்தபோது நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "முடிஞ்சுதுக்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் திரும்பினேன். உதவிக்கு உட்காருகிறவர்கள் இதை மறக்காமல் செய்ய வேண்டும். படத்தைப் பார்க்காமலே இந்த வேலை முழுவதையும் முடிக்கலாம்.

மின்னஞ்சல் கொடுப்பது உங்கள் விருப்பம். ஒரு பின் நம்பர் வைக்கச் சொல்கிறார்கள், கடைசியில் ஒரு கேஸ் நம்பர் தருகிறார்கள். இரண்டையும் அங்கேயே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் நிலவரம் பார்க்கவும், கேஸைத் திரும்பப் பெறவும் இவைதான் சாவி. உங்கள் படத்தையோ அடையாளத்தையோ அவர்கள் வைத்துக்கொள்ளாததால், தொலைத்துவிட்டு நான்தான் அவள் என்று போய் நிற்க வழியில்லை. ஒரு வங்கிக்காரியாக எனக்கு இந்தக் கண்டிப்பு பிடித்தது. ஆனால் பதற்றத்தில் இருக்கும் பெண்ணிடம் இதை இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

கூட்டில் இருப்பவர்கள் யார் என்பதுதான் அடுத்து பார்க்க வேண்டியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ரெட்டிட், பம்பிள், ஸ்னாப்சாட் எல்லாம் இருக்கின்றன. ஒன்லிஃபேன்ஸ், போர்ன்ஹப் போன்ற ஆபாசத் தளங்களும் இருக்கின்றன, அதுதான் முக்கியம். தேடுபொறிகளில் மைக்ரோசாஃப்டின் பிங் இந்தக் குறியீடுகளை வைத்து 2024 ஆகஸ்ட் முடிவுக்குள் 2 லட்சத்து 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் மீது நடவடிக்கை எடுத்ததாகச் சொன்னது. கூகுள் 2025 செப்டம்பரில்தான் சேர்வதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய நிறுவனம் இவ்வளவு தாமதமாக வந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, குறைகளுக்கு வருவோம். கூட்டில் இல்லாத தளங்களில் இது செல்லாது. இந்தப் படங்களைச் சேர்த்து வைப்பதையே பிழைப்பாகக் கொண்ட குப்பைத் தளங்கள் எந்தக் கூட்டிலும் சேரப் போவதில்லை. வாட்ஸ்அப் போன்ற மறைகுறியாக்கப்பட்ட உரையாடல்களுக்குள் போகும் படத்தையும் இதனால் பிடிக்க முடியாது. அவள் அம்மாவுக்கு அவன் நேராக அனுப்பிவிடுவானோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம். அந்தப் பயத்துக்கு இந்தச் சேவையிடம் மருந்து இல்லை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

இரண்டாவது, படம் உங்களிடம் இருந்தாக வேண்டும். ரகசிய கேமராவில் எடுத்தது, வீடியோ கால் நடக்கும்போது தெரியாமல் பதிவு செய்தது என்றால் பாதிக்கப்பட்டவளிடம் பிரதியே இருக்காது. மிரட்டுகிறவன் அனுப்பிக் காட்டியிருந்தால் அதை அழிக்காமல் வைத்திருங்கள், அதிலிருந்தே குறியீடு எடுக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. புகைப்படத்துக்குப் பயன்படுவது பிடிகியூ என்கிற முறை. அளவைக் குறைத்தாலும், தரம் கொஞ்சம் மங்கினாலும் பெரும்பாலும் அடையாளம் கண்டுவிடும். ஓரத்தைப் பெரிதாக வெட்டினாலோ ஃபில்டர் போட்டாலோ வேறு படமாகிவிடும், அதற்குத் தனியாகக் குறியீடு போட வேண்டும். வீடியோவுக்கோ எம்டி5. அது கோப்பு துளியும் மாறாமல் அப்படியே இருந்தால்தான் பொருந்தும். அரை நொடி வெட்டினாலும், வேறு தரத்தில் மறுபடி சேமித்தாலும், குறியீடு முழுக்க மாறிவிடும். ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனாலே வீடியோ சுருக்கப்படுகிற காலம் இது. ஆகவே வீடியோ விஷயத்தில் இந்தச் சேவையை நம்பி நிம்மதியாக உட்கார முடியாது. இதைத்தான் அவர்கள் முதலில் மேம்படுத்த வேண்டும்.

எங்கள் விஷயத்தில் அவன் அடங்கவில்லை. ஒரு தளத்தில் அவள் பெயரிலேயே போலிக் கணக்கு தொடங்கி, வெட்டிய படம் ஒன்றைப் போட்டான். படத்தை நீக்கச் சொல்வதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம்: கணக்கின் பெயர், முழு லிங்க், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி. அதற்கு முன்பே படம் நீக்கப்பட்டுவிட்டால் போலீஸிடம் காட்ட எதுவும் மிஞ்சாது. அதே காரணத்துக்காக அவனுடைய மிரட்டல் மெசேஜ்களையும் அழிக்கவில்லை. பணம் கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டோம். ஒருமுறை கொடுத்தால் மறுபடி கேட்பார்கள்.

அப்புறம் அந்தத் தளத்தில் புகார். வெறும் 'நிர்வாணம்' என்ற பிரிவில் அவள் தோழி கொடுத்த புகாருக்கு, "எங்கள் விதிகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. படிக்கும்போது கை நடுங்கியது எனக்கு. சம்மதம் இல்லாமல் பகிர்ந்த அந்தரங்கப் படம் என்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, பல மெனுக்களுக்கு அடியில். பாதிக்கப்பட்டவளே அந்தப் பிரிவில் மறுபடி கொடுத்ததும் எடுத்தார்கள். வெட்டிய படத்தையும் சேர்த்து ஸ்டாப் என்சிஐஐ-யில் இன்னொரு பதிவு போட்டோம். அங்கே இருந்தது தானாக இயங்கும் ஒரு வழி என்பதால் மறுபடி யாரிடமும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அதைப் பெரிய நிம்மதி என்றாள். எனக்கோ பேச ஒரு ஆள் இருந்தால் தேவலை என்று இருந்தது. அவர்களுடைய ஹெல்ப்லைன் பிரிட்டனில் வசிக்கும் பெரியவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்குத் தங்கள் நாட்டுச் சைபர் குற்றப் பிரிவும் மகளிர் அமைப்புகளும்தான் துணை.

கூகுள் தேடலில் வந்துவிட்டால் அதற்கென்று கூகுளில் தனிப் படிவம் இருக்கிறது. 2015 முதலே இத்தகைய படங்களைத் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கும் வழி உண்டு. 2024-ல் இதை இன்னும் பலப்படுத்தி, ஒரு படத்தை நீக்கினால் அதன் நகல்களையும் தேடிப் பார்த்து நீக்க முயல்வதாக அறிவித்தார்கள். ஏஐ வைத்துப் பொய்யாகச் செய்த நிர்வாணப் படத்துக்கும் இது பொருந்தும், ஸ்டாப் என்சிஐஐ-யும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் கூகுள் நீக்குவது தேடல் முடிவை மட்டும். அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், அந்தத் தளத்துக்கோ அதற்கு இடம் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கோ தனியாக எழுத வேண்டும்.

படம் எடுத்தபோது 18 வயது ஆகவில்லை என்றால் ஸ்டாப் என்சிஐஐ உங்களுக்கானது அல்ல. காணாமல் போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான அமெரிக்காவின் என்சிஎம்இசி அமைப்பு 2023 பிப்ரவரியில் தொடங்கிய டேக் இட் டவுன் என்கிற சேவைக்குப் போங்கள். அதே ஹேஷ் முறைதான், எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். இப்போது உங்களுக்கு முப்பது வயதே ஆகியிருந்தாலும், படம் சிறுவயதில் எடுத்தது என்றால் இடம் இதுதான். அந்தப் படத்தை ஆதாரம் என்று நினைத்துக்கூட யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறுவர் படம் என்பதால் அனுப்புவதே பல நாடுகளில் குற்றம். லிங்கையும் கணக்கின் பெயரையும் குறித்துக்கொண்டு போலீஸிடம் கொடுத்தால் போதும்.