கிணத்துக்குக் கப்பி மீனோ, நுளம்பு வலையோ?

இலங்கையில முதல்முதலா 2016ல மன்னாரில கண்ட மலேரியா நுளம்பு, அனோபிலிஸ் ஸ்டெபன்சி, கிணத்துத் தண்ணியிலயும் பெருகும், அதால குடிக்கிற கிணத்தைச் சும்மா விடேலாது: ஒண்டில் நுளம்புப் புழுவைத் தின்னுற கப்பி மீனை விடோணும், இல்லாட்டிக் கிணத்து வாயை நுளம்பு வலையால மூடோணும்.

செலவு: கப்பி கொஞ்சம் விட்டாக் காணும், தானாப் பெருகும். வலைக்குக் காசு போகும்.

உழைப்பு: வலை வெயிலுக்கு இத்துப்போகும், ஒரு ஓட்டை விழுந்தாலும் நுளம்பு உள்ள போயிடும். மீனுக்கு அந்தக் கரைச்சல் இல்லை, ஆனா மாரி வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்டாச் செத்துப்போகும், செத்ததை உடன அள்ளோணும், குளோரின் அடங்கினாப் பிறகுதான் திரும்ப விடலாம்.

சுத்தம்: வலைதான். இலை குப்பையும் விழாது.

வாளியால அள்ளுற கிணறெண்டா மீன், மோட்டர் போட்ட கிணறெண்டா வலை. மிஞ்சின கப்பியைக் குளத்துக்க கொட்டாதேங்கோ, அங்கத்தே மீனுகளுக்குக் கூடாது. எதெண்டாலும் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடியுங்கோ.